தேரியில் அடித்த காற்று

பம்பு ஓடுகிற நேரத்தில் மட்டும் பிள்ளை அழுவதில்லை.

சித்ரலேகா முதலில் அதைக் கவனித்தபோது, இந்தச் சனியனால் இப்படி ஒரு நல்லதாவது நடக்கிறதே என்றுதான் நினைத்தாள். தலை மழித்துக் கூட்டிவந்ததிலிருந்து மகன் குரு விடிந்ததும் சிணுங்க ஆரம்பித்துவிடுவான். தோளில் போட்டாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை. பத்து மாதப் பிள்ளைக்கு அவ்வளவு தொண்டை எங்கேயிருந்து வருமோ! அந்த நேரம் பார்த்து வெளியே கார் ஷெட்டில் அவள் புருஷன் கார்த்திகேசன் பம்பைப் போடுவான். தடதடவென்று அது இரையும்போது படுக்கையறை ஜன்னல் கண்ணாடி அதிரும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். குரு மட்டும் அலறத் திறந்த வாயை மூடாமலே நிறுத்திக்கொள்வான். வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது, கண் ஜன்னலையே பார்க்கும். பம்பு நின்றதும் வாய் மூடிக்கொள்ளும்.

அது என்ன பெரிய யந்திரமா? பால் ஃபிளாஸ்க் அளவுதான். ஆரஞ்சு நிறம், உள்ளே பேட்டரி, தலையில் எண் காட்டும் சின்னத் திரை, ஒரு ரப்பர் குழாய். குழாயை டயரில் திருகிவிட்டால் பக்கவாட்டுத் துளை வழியாக வெளிக்காற்றை இழுத்து உள்ளே அடித்து, போதுமான அளவு வந்ததும் தானே நின்றுகொள்ளும். மணலிலும் பாறையிலும் ஜீப் ஓட்டுகிற கூட்டம் ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாற்றுப் பக்கம் போய்ச் சகதியில் வண்டியை உருட்டிவிட்டு, ஏதோ இமயமலையைத் தாண்டிவந்த பவிசோடு திரும்புவார்கள். கார்த்திகேசன் அதில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சே டயர்தான். மணலில் இறங்குமுன் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும், டயர் தொய்ந்து அகலமாகப் படிந்தால்தான் புதையாது, மணலை விட்டு ஏறியதும் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டுகூட இதைத்தான் சொல்லுவான். பிள்ளைக்குத் தடுப்பூசி என்றைக்கு என்று கேட்டால் தெரியாது.

“தினமும் எதுக்கு அடிக்கிய? அப்படி எங்க போவுது காத்து?” என்று கேட்டாள்.

“அதான் எனக்கும் வெளங்கல. ராத்திரி நல்லா நிக்கி, காலையில பாத்தா நாலும் தொஞ்சு கெடக்கு. ரிம்முல தேரி மண்ணு ஏறியிருக்கும்.”

“நாலுலயுமா?”

“ஏளா, வேலைக்குப் போற நேரத்துல கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காத.”

பேச்சு அவ்வளவுதான். கங்கைகொண்டானுக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

தேரி மண் என்றதும் அவளுக்குக் கோவிலுக்குப் போய்வந்த நாள் நினைவுக்கு வந்தது. பங்குனி உத்திரத்துக்குக் கார்த்திகேசனின் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குப் போய்ப் பிள்ளைக்கு முடி இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். நாங்குநேரியில் கிழக்கே திரும்பி, திசையன்விளையைத் தாண்டிப் போனால் செக்கச்செவேலென்று தேரி என்கிற மணல் மேடு தொடங்கும். மணல் தொடங்குகிற இடத்தில், முள் நிறைந்த ஒற்றை உடைமரத்தின் கீழ், சுண்ணாம்பு அடித்த மண்பீடம் ஒன்று நிற்கும். அதுதான் எல்லைமாடன். முகம் கிடையாது, கண் கிடையாது. வெறும் பீடம். அதற்கு அப்பால் மணலைக் கடந்தால் சாஸ்தா.

சாஸ்தாவிடமிருந்து திருநீறு, சந்தனம், பொங்கல் எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வரலாம். எல்லைமாடனிடமிருந்து ஒரு தூசிகூடக் கொண்டு வரக்கூடாது. அவனுக்குப் படைத்த சோற்றை அங்கேயே தின்ன வேண்டும், மிஞ்சினால் அங்கேயே கொட்ட வேண்டும், குடித்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். அந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டு வந்த எல்லோருக்கும் இதை மாமியார்மார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சித்ரலேகா ஒன்றும் விடவில்லை. செருப்பைத் தட்டினாள். பாவாடை விளிம்பை உதறினாள். பிள்ளையின் மொட்டைத்தலையில் பூசாரி அந்தப் பீடத்திலிருந்து எடுத்துத் தடவிய கரியை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அங்கேயே போட்டாள். பிள்ளையின் விரலிடுக்குக்கூடப் பார்த்தாள்.

அவள் அதையெல்லாம் செய்துகொண்டிருந்த நேரத்தில், கார்த்திகேசன் உடைமர நிழலில் குந்தி, பீடத்தை ஒட்டி நிறுத்திய ஜீப்புக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

கோவிலுக்கு வரும்போது அதே இடத்தில்தான் வீட்டுக் காற்றைப் பிடுங்கி விட்டிருந்தான். வீடு திரும்பும்போது அதே இடத்தில்தான் திரும்ப அடித்தான். மணலை விட்டு ஏறுகிற இடம் அதுதானே! மாடனுக்குப் போட்ட சாம்பிராணிப் புகை காற்றில்லாத வெயிலில் நெட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பம்பு இரைந்ததும் அது வளைந்தது. வளைந்து, நூலாக இழுபட்டு, பம்பின் துளைக்குள் போனது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் செருப்பைத் தட்டினாள்.

இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு அதை நினைத்தபோது பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவளே ஜீப்பை எடுத்துக்கொண்டு முக்கில் இருந்த அசன் மைதீன் பஞ்சர் கடைக்குப் போனாள். அவர் நாலு டயரிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

“ஓட்டை இல்லம்மா. பழைய காத்தைத் திறந்து விட்டுட்டுப் புதுசா அடிச்சுத் தாரேன்” என்று சொல்லி வால்வில் விரலை அமுக்கினார். உஸ்ஸென்று ஒரு நொடி. உடனே விரலை எடுத்துவிட்டார். சாம்பிராணி, சுருட்டுப் புகை, சுட்ட மணல், அதற்கு அடியில் நாள்பட்ட சோறு. கடை முழுக்க அந்த வாடை நின்றது.

“எங்கன போய் அடிச்சிய இதை?” அவர் குரல் மாறிப்போயிருந்தது. “எடுத்துட்டுப் போங்க. நம்ம கடையில திறக்க வேண்டாம்.”

அவள் கார்த்திகேசனிடம் சொன்னாள். முழுவதும் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “காத்தைக் கூடவா மாடன் கணக்கு வச்சிருக்கான்?” என்று சிரித்தான். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பம்பைப் போட்டான்.

அந்த முறை அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, கொசுவலையைப் பார்த்தாள். மின்விசிறி நின்றிருந்தது. வெளியே ஒரு இலை அசையவில்லை. பிள்ளையின் மேல் போட்டிருந்த சின்னக் கொசுவலை மெல்ல ஜன்னல் பக்கம் சாய்ந்தது. பம்பு ஓடுகிற வரையில் சாய்ந்தே இருந்தது. பம்பு நின்றதும் பைய நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு குரு அழவே இல்லை. பம்பு ஓடினாலும் இல்லை, ஓடாவிட்டாலும் இல்லை. பால் கேட்கவில்லை. கொடுத்தால் குடித்தான், ஆனால் உறிஞ்சுகிற வேகம் இல்லை, வாயில் விட்டது தானாக இறங்கியது. தூக்கும்போது கை கடுத்தது. முன்பு இடுப்பில் ஏறியதும் அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுப்பான், இப்போது இரண்டு கையும் தொங்கின. வாயருகே மூக்கை வைத்தாள். பால் வாடை இல்லை. சாம்பிராணி. சுருட்டு.

டாக்டரிடம் காட்டினார்கள். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை நல்ல எடை கூடியிருக்கிறான், ஒன்றும் இல்லை என்றார். கார்த்திகேசன் அதைப் பிடித்துக்கொண்டு, “கேட்டியா? டாக்டரை விட நீ படிச்சவளா?” என்று வழி முழுக்கக் குத்திக்கொண்டே வந்தான். பின் சீட்டில் குரு கண்ணை இமைக்காமல் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தான். யார் ஜெயிப்பார்கள் என்று பார்ப்பவன் பார்வை அது.

ஒரு மத்தியானம் துணி காயப்போடக் கார் ஷெட்டுக்குப் போனாள். வெயில் கொதித்தது. தெருவில் ஆளில்லை. ஈரத்துணியை உதறும்போது பின்னால் யாரோ முனகினார்கள்.

“ங்ங்கா.”

பால் கேட்கும்போது குரு போடுகிற சத்தம். அவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கட்டிலில் பிள்ளை மல்லாந்து கிடந்தான், வாய் மூடியிருந்தது, கண் கூரையைப் பார்த்தது. திரும்ப வெளியே வந்தாள். சத்தம் ஜீப்பின் முன்சக்கரத்திலிருந்து வந்தது.

குனிந்தாள். காதை டயரில் வைத்தாள். ரப்பர் சூடாக இருந்தது, வெயிலின் சூடு இல்லை, காய்ச்சல் கண்ட வயிற்றின் சூடு. உள்ளே, ரொம்ப உள்ளே, ஏதோ சிணுங்கியது. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி சிணுங்கியது. மற்ற மூன்று சக்கரத்திலும் அதே சிணுங்கல், ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற மாதிரி.

பயத்தை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது அவளுக்கு. பிள்ளையைக் கெடுத்தது போதாதென்று அவன் குரலையும் எடுத்துக்கொண்டு தன்னையே ஏமாற்றப் பார்க்கிறதே!

“எம் பிள்ளை மாதிரி அழுது காட்டுதியோ நாயே!” என்று டயரை ஓங்கி மிதித்தாள். உள்ளே ஒரு கேவல் கேட்டது. விடாமல் மிதித்தாள். கேவல் உடைந்து விம்மலாகி, களைத்துப்போய், அடங்கியது. அடங்கியதில் அவளுக்கு ஒரு குரூரமான திருப்திகூட வந்தது.

பூசாரி நம்பர் கார்த்திகேசன் போனில் இருந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பேசினாள். அவர் எடுத்த எடுப்பிலேயே கடுப்பாக இருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“கொண்டு போனதைக் கொண்டாந்து விட்டாச் சரியாப் போவும்லா?” என்று கேட்டாள்.

“போன கையோட வந்திருக்கணும்.” பூசாரி காறித் துப்புகிற சத்தம் கேட்டது. “வீட்டுல வச்சு மேக்கொண்டு காத்து அடிச்சியளா?”

“தினமும் அடிக்காவ.”

“எங்கன வச்சு?”

“பிள்ளை படுக்குத ஜன்னலுக்கு நேரே.”

பூசாரி, “அப்பம்னா இங்கன வராதிய. அதைத் திறக்காதிய. வந்தியன்னா நான் நடையைச் சாத்திட்டுப் போயிருவேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எல்லாப் பயலும் தட்டிக்கழிக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் கடையில் திறக்காதே என்கிறான், ஒருத்தன் கோவிலுக்கு வராதே என்கிறான், கட்டினவன் சிரிக்கிறான். பெற்றவள் அவள் ஒருத்திதான். அவள் பிள்ளை. நான்கு டயரையும் காலியாக்கினால் இவன் பழையபடி அழுவான், தாலிக்கொடியை இழுப்பான். அதற்காக அவள் பூசாரி என்ன, அந்தப் பீடத்தையே எதிர்த்து நிற்கத் தயார்.

மறுநாள் கம்பெனி பஸ் போனதும் பிள்ளையைப் பின் சீட்டுத் தொட்டிலில் கட்டி, ஜீப்பை எடுத்தாள்.

நாங்குநேரி வரை நாலுவழிச் சாலை. திரும்பியதும் வெறிச்சோடிய ரோடு. பனை, காற்றாலை, மறுபடி பனை. கண்ணாடியில் பிள்ளையைப் பார்ப்பதைப் பாதி வழியில் நிறுத்திவிட்டாள், எப்போது பார்த்தாலும் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டயர் நான்கும் தார்ச்சாலையில் உருளும் சத்தத்துக்கு அடியில் அந்தச் சிணுங்கல் விடாமல் வந்தது. தேரி நெருங்க நெருங்க அது வீறிட்ட அழுகையானது. போக மாட்டேன் என்று அழுகிறது, நல்லது, அழு என்று அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தாள். உடைமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. செம்மணல் கண்ணைக் குத்தியது. பீடத்தில் சுண்ணாம்பு உரிந்து, போன வாரத்துக் கரி காய்ந்து போயிருந்தது. ஒரு காக்கா இல்லை. பனையோலை உரசுகிற சத்தம்கூட இல்லை. பூசாரி சொன்னபடி செய்திருந்தார், மணலுக்கு அப்பால் கோவில் கதவு சாத்தியிருந்தது.

ஜீப்பைப் பீடத்தை ஒட்டி நிறுத்தினாள். இறங்கினாள். கார்த்திகேசனின் பெட்டியிலிருந்து வால்வு ஊசியைக் கழற்றுகிற சின்னச் சாவியை எடுத்தாள். மெதுவாக இறக்குவதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை இல்லை, ஊசியையே உருவிவிட்டால் மொத்தமும் போய்விடும். துப்பட்டாவை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அந்த வாடையைத் திரும்ப நெஞ்சுக்குள் விட அவள் தயாராக இல்லை.

முதல் சக்கரம். சாவியைத் திருகினாள். ஊசி தெறித்து மணலில் எங்கோ விழுந்தது. காற்று பீறிட்டது. பீறிடும்போதே அழுதது.

“போ! வந்த எடத்துக்குப் போ!”

டயர் தொய்ந்து படுத்தது. கடைசியில் ஒரு சின்ன விக்கல். பிறகு ஒன்றும் இல்லை.

இரண்டாவது. அதிலும் அழுகை. இது இன்னும் சத்தமாக. “போ மூதேவி! எம் பிள்ளையை விட்டுட்டுப் போ!” கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. வியர்வை கண்ணில் இறங்கியது. விக்கல். அமைதி.

மூன்றாவது, பின்சக்கரம். குனிந்தபோது துப்பட்டா முடிச்சு அவிழ்ந்து கழுத்துக்கு இறங்கியது. கை மணலாக இருந்ததால் அவள் அதைத் திரும்பக் கட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவினாள். காற்று முகத்தில் அடித்தது. பிடித்த மூச்சு தாங்கவில்லை. இழுத்தாள்.

பால்.

வசம்பு. பவுடர். தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய். கழுத்து மடிப்பில் காய்ந்த பால் புளித்த வாடை.

அவள் மறுபடி மோந்து பார்த்தாள். வேறொன்றும் இல்லை. சாம்பிராணி இல்லை, சுருட்டு இல்லை. தினமும் விடியற்காலையில் அவள் முகம் புதைத்துத் தூங்கிய கழுத்து அது. ஜன்னலுக்கு நேரே. தினமும். கொஞ்சம் கொஞ்சமாகப் பம்பு இழுத்தது இவனைத்தான்.

“குரு?”

வால்வு விக்கியது. நின்றது.

மணலில் விழுந்தாள். கையை விரித்துக் காற்றை அள்ளினாள். வெறும் வெயில். முதல் சக்கரத்துக்கு ஓடினாள், தொய்ந்த ரப்பரைக் கட்டிப் பிடித்தாள். சத்தம் இல்லை. இரண்டாவது. இல்லை. ஊசியைத் தேடி மணலைப் பிறாண்டினாள். எதற்கு? உள்ளே அடைக்க என்ன இருக்கிறது?

“ஐயோ ராசா! அம்மா தெரியாமப் பண்ணிட்டேன் ராசா!”

செம்மணல் மேலே அப்போதுதான் ஒரு காற்று எழுந்தது. ரொம்பச் சின்னக் காற்று. தூசி கொஞ்சம் தூக்கி, தவழ்ந்து, பீடத்தின் பக்கம் போனது. பீடத்தை அடைந்ததும் இல்லாமல் போனது.

நான்காவது சக்கரம் மிச்சம் இருந்தது. அதில் உயிர் இருந்தது, சிணுங்கல் கேட்டது. ஆனால் நான்காவதிலிருந்தும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அவள் தொடாமலே அதன் வால்வு ஊசி பைய, தானே, திருகிக்கொண்டு வெளியே வந்தது. மணலில் விழுந்தது.

பாய்ந்தாள். கட்டைவிரலை வைத்து அடைத்தாள்.

நின்றது. விரலுக்கு அடியில் ஏதோ முட்டியது. இதமான, ஈரமான, சின்ன மூச்சு. உள்ளேயிருந்து அவளைத் தேடித் தேடி முட்டியது.

“இருக்கேன்டா. அம்மா இங்கனதான் இருக்கேன். போயிராத.”

வண்டிக்குள்ளே தொட்டில் வார் அவிழும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். இன்னும் நிற்கப் பழகாத பிள்ளை பின் சீட்டில் நிமிர்ந்து நின்றது. மொட்டைத்தலை ஜன்னலுக்கு வெளியே நீண்டு அவளுக்கு நேரே கவிழ்ந்தது. வாய் திறந்தது. சுருட்டுப் புகை நாறியது. இதுவரை ஒரு வார்த்தை பேசியிராத அந்த வாய், வயசான ஆம்பளைக் குரலில், எரிச்சலே இல்லாமல் நிதானமாகப் பேசியது.

“கையை எடுட்டி.”

அவள் தலையை ஆட்டினாள். முடியாது, முடியாது என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள். அது ஜன்னல் விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு, அவசரமில்லாமல் அவள் விரலைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. வேர்வையில் கட்டைவிரல் வழுக்கத் தொடங்கியிருந்தது.